மூலை வெட்டிய நோட்டுகள்

ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேல் நான் மனிதர்களை எண்ணினேன். அதுதான் என் வேலை. குவைத்தின் தெற்குப் பக்கத்துப் பாலைவனத்தில் இருந்த ஓர் அமெரிக்க ராணுவ முகாமில், சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நிற்பேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் உலோகக் கருவி. ஒருவர் உள்ளே போனால் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அதன் முகத்தில் எண் ஒன்று கூடும். அதைக் கிளிக்கர் என்றார்கள். கொஞ்ச நாளில் என்னையும் கிளிக்கர் என்றே கூப்பிட்டார்கள்.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் அம்பாசமுத்திரத்தில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். தேதி போடாத தாளைப் பார்த்தால் சட்டை போடாத ஆளைப் பார்த்த மாதிரி இருக்கும் எனக்கு. பழைய பத்திரங்களைப் படித்துப் படித்துத் தமிழ் எண்கள் கைக்கு வந்துவிட்டன. என் சொந்த நோட்டில் எண் எழுத வேண்டுமென்றால் அதில்தான் எழுதுவேன். பெருமைக்காக இல்லை, பழகிவிட்டது.

மனைவி நர்ஸ். குவைத் அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவள் முதலில் போனாள். 2004இல் நானும் போய்ச் சேர்ந்தேன். முகாமுக்குச் சாப்பாடு போடும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது, விசாவும் அவர்கள் பெயரிலேயே. மங்காஃப் என்ற பகுதியில் மூன்று அறை ஃப்ளாட் ஒன்றில் ஓர் அறை எங்களுக்கு. மற்ற இரண்டு அறைகளிலும் வேறு குடும்பங்கள். குளியலறைக்கு நேரம் ஒதுக்கி, அதைச் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தோம். அந்தப் பட்டியலை எழுதியது யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மகள் மட்டும் ஊரில், என் அண்ணன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போனாள். தனியாக ஒரு ஃப்ளாட் எடுத்ததும் அவளைக் கூட்டிக்கொள்வது என்று பேச்சு. அதற்கு இரண்டு பேர் சம்பளமும் வேண்டும்.

அந்த முகாம் எவ்வளவு பெரியது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எங்கள் பஸ் அதன் வேலியோரம் திரும்பியதிலிருந்து எங்கள் வாசல் வருவதற்குள், சின்னப் புத்தகமாக இருந்தால் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். வாசலில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, நாய் மோந்து பார்த்து, பாஸைக் கொடுத்து உள்ளே போவதற்குள் இன்னும் இரண்டு அத்தியாயம். ஆனால் புத்தகத்தை பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது படித்ததை அசை போடலாம், அவ்வளவுதான்.

உள்ளே போனால் இன்னோர் ஊர். அங்கே வெட்டிய உருளைக்கிழங்கு கப்பலில் உறைந்தபடி வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் தக்காளி சிவந்து கிடந்தாலும் அது உள்ளே வராது. அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட இடத்திலிருந்துதான் எதுவும் வர வேண்டும். தண்ணீர்ப் பாட்டில்கள் கூடத்துக்குப் பின்னால் வீட்டுச் சுவர் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். நான்கு நாளில் அந்தச் சுவர் கரையும், ஐந்தாம் நாள் மறுபடி எழும்பும். வெள்ளிக்கிழமைகளில் மாட்டிறைச்சியும் கடல் இறாலும். எங்களுக்குப் பின்பக்கக் கூடாரத்தில் சோறு, பருப்பு, கோழி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரசம் மட்டும் கேரளக்காரர் வைத்தது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு சிப்பாய் என்னோடு பேச்சுக் கொடுத்தான். இங்கே வருவதற்கு முன்னால் கொரியாவில் இருந்தானாம், அதற்கு முன்னால் ஜெர்மனியில். எல்லா இடத்திலும் இதே தட்டுதானாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் வெள்ளரிக்காய் எங்கே இருக்கும், ஐஸ்கிரீம் எங்கே இருக்கும் என்று போய்விடுவேன் என்றான். அன்றைக்குத்தான் எனக்கு அளவு புரிந்தது. வேலியின் நீளமோ பீரங்கிகளோ புரியவைக்காததை அந்த வெள்ளரிக்காய் புரியவைத்தது. நான் நிற்பது ஒரு வாசல். இந்த முகாமிலேயே இதுபோல வேறு வாசல்கள். வளைகுடாவில் வேறு முகாம்கள், கடல் தாண்டி இன்னும் எத்தனையோ. ஒவ்வொரு வாசலிலும் என்னைப் போல ஒருவன் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு நிற்கிறான்.

இந்த நினைப்புத்தான் என்னை நோட்டுக்குள் தள்ளியது. தரங்கம்பாடிக்குப் போய் டேனிஷ்காரர்களின் கோட்டையைப் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தும் இருக்கிறேன். பீரங்கி எத்தனை, கவர்னர் யார் எல்லாம் தெரிகிறது. மத்தியானம் அங்கே எத்தனை பேர் சாப்பிட்டார்கள், யார் பரிமாறினார்கள் என்று நான் படித்த எதிலும் இல்லை. இங்கேயாவது ஒருவன் எழுதி வைக்கட்டுமே என்று தோன்றியது. தினமும் வீட்டுக்கு வந்ததும் நோட்டின் வெளிப்பக்க மேல்மூலையில் தேதி, அதற்குக் கீழே அன்றைய மத்தியான எண்ணிக்கை, இரண்டும் தமிழ் எண்ணில். பிறகு அன்றைய செய்தி. காற்று எந்தப் பக்கம் அடித்தது, மனைவிக்கு என்ன ட்யூட்டி, மகள் போனில் என்ன சொன்னாள்.

மனைவிக்கு இது சிரிப்பாக இருந்தது.

"எண்ணுதது அவனுக்கு. எழுதுதது யாருக்கு?" என்பாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கீழே பக்காலாவில் போய் உட்காருவேன். பக்காலா என்றால் மளிகைக்கடை. கடைக்காரர் அதிராம்பட்டினத்துக்காரர், அங்கே முப்பது வருடமாக இருப்பவர். 1990இல் ஈராக்குக்காரன் குவைத்துக்குள் வந்தபோதும் கடையைப் பூட்டாதவர் என்று சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை. நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி அவருக்குத் தீராத சந்தேகங்கள்.

"தம்பி, ஒரு வெங்காய லாரி பார்டர்ல நின்னுட்டா ரெண்டு நாளு ஆளுங்க வந்து என் மூஞ்சியப் பார்த்துட்டுப் போறாங்க. அவன் உலகம் பூரா கடை வச்சிருக்கான். ஒரு கடையிலயும் சாமான் இல்லேங்கிறது இல்ல. இதுக்கெல்லாம் எம்புட்டு ஆகும்?"

நான் படித்ததைச் சொன்னேன். ஒரு பத்திரிகை ஒரு தொகை சொல்கிறது, இன்னொன்று அதைப்போலப் பல மடங்கு சொல்கிறது. ஒருவர் சம்பளத்தைச் சேர்க்கிறார், ஒருவர் சேர்க்கவில்லை. நிலத்தை இலவசமாகக் கொடுத்த நாட்டுக்கு அது செலவா இல்லையா என்பது தனி வழக்கு. கப்பலில் வரும் உருளைக்கிழங்கை சாப்பாட்டுச் செலவில் எழுதுவதா, கப்பல் செலவில் எழுதுவதா என்பது இன்னொரு வழக்கு. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் அவனுக்கே தெரியாது என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு, நீதானே எண்ணுகிறாய், நீயே சொல் என்று சீண்டினார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

2006 மே மாதம் ஃப்ளாட் கிடைத்தது. இரண்டு அறை, குளியலறை முழுக்க எங்களுக்கே. ஜூனில் மகள் வருவதற்கு விசாவும் டிக்கெட்டும் ஆகிவிட்டன. சாவியை மனைவி கைப்பையில் வைத்துக்கொண்டு, ட்யூட்டிக்குப் போகும்போதும் எடுத்துப்போனாள். சாமான் கட்டுவதும் சுமப்பதுமாக மூன்று நாள் நோட்டு எழுத முடியவில்லை. மூன்று நாள் பாக்கி என்பது எனக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி. விடிகாலை பஸ்ஸில் எழுதிவிடலாம் என்று நோட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். எழுதியும் முடித்தேன். இறங்கும்போது புத்தகத்தை சீட்டில் வைத்தேன். நோட்டை வைக்க மறந்துவிட்டேன்.

வாசலில் பையைத் திறந்த காவலாளி நோட்டை எடுத்தான். புரட்டினான். தமிழ் எழுத்து அவனுக்குப் புதிதில்லை. எங்கள் ஆட்களின் பையில் வரும் கடிதங்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரே மாதிரி, மற்ற எழுத்தோடு சேராத சின்னச் சின்னக் குறிகள். அவன் விரல் அந்த மூலையிலேயே நின்றுவிட்டது. பிறகு என் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டான்.

பாஸ் போனால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். என் விசா போனால் மகள் வருவது இல்லை. இதை யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

பாஸ் அலுவலகத்தில் ஒரு சார்ஜென்ட், நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி. தமிழ் படிக்க ஆள் வேண்டுமென்று அதே அலுவலகத்தில் கணினி வேலை பார்த்த பெண்ணைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். எத்தனையோ முறை என் பாஸைப் புதுப்பித்துக் கொடுத்தவர், ஆனால் அதுவரை நாங்கள் தமிழில் பேசியதில்லை. ஒரு பக்கத்தை எடுத்து வாசித்து, அப்படியே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார் சார்ஜென்ட்.

அவரும் சொன்னார். வடக்குக் காற்று, கண்ணில் மண். மனைவிக்கு இரவு ட்யூட்டி. அவள் வைத்துவிட்டுப் போன புட்டு வேகவில்லை, ஆனால் அதை அவளிடம் சொல்லப்போவதில்லை. இதை அந்தப் பெண் சிரிக்காமல், நீதிமன்றத்தில் சாட்சி வாசிப்பது போல வாசித்தார். சார்ஜென்டின் முகம் மாறவில்லை. ஆனால் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணை, இது என்னெண்டு எனக்கு விளங்கேல்லை," என்றார் அந்தப் பெண், என் பக்கம் திரும்பி.

தமிழ் எண்தான், பழைய எண் என்றேன். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். மேலே இருப்பது தேதி என்றேன். அதையும் சார்ஜென்டிடம் சொன்னார். அப்படியானால் கீழே இருப்பது என்ன என்று சார்ஜென்ட் கேட்டார். அதை எனக்குத் தமிழில் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்கள் சொல்லுறதை நான் அப்பிடியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

யோசித்தேன். எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பஸ் நம்பர், போன் கார்டு நம்பர், அம்பாசமுத்திரத்து மழை அளவு. அந்த அறையில், ஏன், அந்த முகாமிலேயே, அது பொய் என்று சொல்ல ஆள் கிடையாது. ஆனால் பத்திரத்தில் முன்தேதி போடச் சொல்லி வந்தவர்களைப் பதினோரு வருடம் திருப்பி அனுப்பியவன் நான். வாய் வரவில்லை. இது பாதி. மீதிப் பாதி பயம். என்றைக்காவது ஒருவன் படித்துவிட்டால் பிறகு ஒரு வார்த்தையும் நிற்காது.

"மத்தியானம் சாப்பிட்டவங்க எண்ணிக்கை," என்றேன். "எல்லா நாளும் இருக்கு."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அதை அப்படியே சொன்னார். இதுபோல வேறு நோட்டு உண்டா என்று அடுத்த கேள்வி. வீட்டில் இரண்டு இருக்கிறது என்றேன். பாஸ் அங்கேயே இருக்கட்டும், நாளைக்கு அந்த இரண்டோடு வா என்றார்கள்.

அன்று சாயங்காலம் மனைவி புது ஃப்ளாட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். துணியைப் பிழிந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"வீட்ல ரெண்டு இருக்குன்னு நீங்க ஏன் சொன்னிய?"

"கேட்டாங்க."

"கேட்டா ஒடனே சொல்லிருவியளோ? நா ஒண்ணு கேட்டா மட்டும் பத்து நாளு கழிச்சுல்லா வாயத் தொறப்பிய."

கைப்பையைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்து மூடினாள். மகளுக்கு என்று வாங்கி வைத்திருந்த நீலப் போர்வையை உறையிலிருந்து பிரிக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். வேண்டாமென்றால் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு அந்தப் பேச்சு, வாசலில் பாஸைக் கழற்றியதைவிடக் கனமாக இருந்தது.

மறுநாள் மூன்று நோட்டும் மேசைமேல் இருந்தன. கூடத்து மேனேஜரைக் கேட்டதில் என்னால் ஒரு தொந்தரவும் வந்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். சார்ஜென்ட் என்னிடம் நேராகவே பேசினார், எனக்குப் புரிகிற மெதுவான ஆங்கிலத்தில். எதற்காக எழுதினாய் என்றார். இல்லையென்றால் இத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று பிற்பாடு யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றேன். அதைப் பற்றித்தான் அவருக்குக் கவலையே என்று சொல்லிச் சற்றுச் சிரித்தார். ஒரு இடத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். எந்த மாதம் கூடினார்கள், எந்த மாதம் போனார்கள் என்பதும் தெரிந்துவிடும். அது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. ஒன்றரை வருடம் வாசலில் நின்றவனுக்கு அது உறைக்கவில்லை என்பதை இன்றைக்கு எழுதும்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

முடிவைச் சொன்னார். எண்ணிக்கை எல்லாவற்றையும் நோட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். இனி எழுதவும் கூடாது, யாரிடமும் சொல்லவும் கூடாது. எண்களை ஞாபகம் வைக்கிற ஆள் வாசலில் நிற்க வேண்டாம், வேறு இடம் போகட்டும். பிறகு அந்தப் பெண்ணிடம், இவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாரா என்று உங்களால் சரிபார்க்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று அவர் உள்ளதைச் சொன்னார். சார்ஜென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் இழுப்பறையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

மத்தியானம் தாண்டும்வரை வெட்டினேன். மூலைகளை வெட்டுவது சுலபம். ஆனால் எண்ணிக்கையோடு சேர்ந்து தேதியும் போயிற்று, இரண்டும் ஒட்டியே எழுதியிருந்ததால். முன்னும் பின்னுமாக இரண்டு நாளுக்கு ஒரு முக்கோணம். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து, விழுந்த துண்டுகளை ஒரு காப்பிக் கோப்பையில் சேர்த்துக்கொண்டிருந்தார். துண்டு துண்டாக என் ஒன்றரை வருடத் தேதி அந்தக் கோப்பையில் விழுந்தது.

மூலையில் இல்லாமல் செய்திக்கு நடுவே எழுதிய எண்ணிக்கைகளும் சில உண்டு. கூட்டம் மிக அதிகமான நாட்கள், மிகக் குறைந்த நாட்கள். அவற்றுக்குப் பக்கத்தின் நடுவில் ஓட்டை போட வேண்டும். அப்படி ஒரு தாளில் கத்தரி வைக்கப் போனவன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மகள் போனில் கேட்டதை அங்கே எழுதியிருந்தேன். அப்போது அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்த சமயம். நீங்க எண்ணுற ஆளுங்கள்ல பல்லு விழுந்தவங்க யாராவது இருக்காங்களாப்பா என்று கேட்டாள். எண் சரியாக அந்தப் 'பல்லு' என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது.

விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? கத்தரி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அந்தப் பெண் கவனித்துவிட்டார்.

"அதிலயும் இருக்கோ அண்ணை?"

"இருக்கு."

"நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிராது."

"எனக்குத் தெரியும்," என்று சொல்லி வெட்டினேன்.

"உங்கட மனிசி பாவம்," என்றார். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

கோப்பையில் சேர்ந்ததை மூலையில் நின்ற இயந்திரத்தில் கொட்டினார்கள். அது எல்லாவற்றையும் சேமியா மாதிரி அரிந்து தள்ளியது. பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நோட்டுகளோடு வெளியே வந்தேன். வெயில் நல்ல வெயில். மறுநாளிலிருந்து எனக்கு ஐஸ்கிரீம் கவுண்டர். உலகத்திலேயே யாரும் கடுகடுப்போடு வந்து நிற்காத இடம் அது. வாசலில் என் இடத்துக்கு ஓர் உத்தரப் பிரதேசத்துக்காரர் வந்தார். ஷிஃப்ட் முடிந்து கருவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே எண்ணை மறந்துவிடுகிற பாக்கியசாலி.

பக்காலாக்காரரிடம் வேலை மாறியதை மட்டும் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம்.

"அப்ப அவன் கணக்கு கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சா?"

எனக்கும் தெரியாது என்றேன். செலவைப் பொறுத்தவரை அது உண்மைதான். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, சில நாட்களின் எண் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த முகாமில் நான் எண்ணிய யாரும் இப்போது அங்கே இருக்க மாட்டார்கள். ஆனாலும் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டதால் இங்கே ஓர் எண்ணையும் எழுதவில்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜூனில் மகள் வந்தாள். நீலப் போர்வையின் உறையை அவளே கிழித்தாள். முன்பற்கள் முளைத்து, வாய்க்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தன. விடுமுறைக் காலம், வெளியே போக முடியாத வெயில். வீட்டில் அவளுக்குப் புரிகிற தமிழில் இருந்தவை என் நோட்டுகள்தான் என்பதால் அவற்றை எடுத்துப் படித்தாள். மூலைகள் ஏன் இல்லை என்று கேட்டாள்.

"ஒங்கப்பாவ ஒருத்தரு உக்கார வச்சு வெட்டச் சொன்னாரு," என்றாள் மனைவி. "இல்லன்னா நீ இங்க வந்திருக்க மாட்ட."

ஓட்டை விழுந்த பக்கத்துக்கு வந்தாள். விரலை உள்ளே விட்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். 'நீங்க எண்ணுற ஆளுங்கள்ல' என்று வாசித்து, ஓட்டையில் நின்று, 'விழுந்தவங்க யாராவது இருக்காங்களாப்பா' என்று முடித்தாள். இதைக் கேட்டது தான்தான் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. நடுவில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்கவும் இல்லை. கொஞ்சம் யோசித்தாள். பிறகு எங்கிருந்தோ ஒரு தாள்துண்டைக் கிழித்துப் பின்னால் ஒட்டி, ஓட்டைக்குள் பால்பாயிண்ட் பேனாவால் 'கட்டிலேருந்து' என்று எழுதினாள். எழுதிவிட்டு அந்த வரியை முழுதாக ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். திருப்தியாக இருந்தது போல.

அது தவறு. திருத்த வேண்டும் என்று கை பரபரத்தது. பேனாவையும் எடுத்தேன். பிறகு, அவள் எழுதியதற்குப் பக்கத்தில் அன்றைய தேதியை மட்டும் போட்டேன்.